சிறுநீரகமா, மூளையா: உயர் ரத்த அழுத்தச் சிகிச்சையில் இலக்கையும் மருந்தையும் தேர்வது எப்படி?

நெடுங்காலமாக உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிகிறது என்றோ, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்றோ அறிக்கை வந்தால், அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் டயாலிசிஸ் வரை போய்விடுமா என்பதுதான். அச்சம் இயல்பானது. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயின் தொடக்க, நடுக் கட்டங்களில் இருப்பவர்களில் டயாலிசிஸ் நிலையை எட்டுபவர்களைவிட, அதற்கு முன்பே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நோய்களால் இறப்பவர்களே அதிகம். ஆகவே அழுத்தத்தை எவ்வளவு குறைப்பது, எந்த மருந்தால் குறைப்பது, எந்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுப்பது என்ற மூன்றையும் சிறுநீரகத்தை மட்டும் கண்ணில் வைத்துத் தீர்மானித்தால் கணக்கில் பாதி விடுபட்டுப்போகும். மூளையின் நுண்ணிய ரத்தநாளங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகள் உறுதிப்படுகின்றன, சில மாறுகின்றன, ஒன்றிரண்டு இடங்களில் இரண்டு உறுப்புகளும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. இந்த இழுபறியைப் பெரும்பாலும் தீர்த்துவைப்பது சிறுநீர் ஆல்புமின் அளவுதான் என்பது என் கருத்து.

இந்த இரண்டு உறுப்புகளும் ஒன்றாகக் கெடுவது தற்செயல் அன்று. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 15 விழுக்காட்டைப் பெறுகிறது. அரை விழுக்காடு எடைகூட இல்லாத சிறுநீரகங்கள் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகின்றன. பிற உறுப்புகளில் தமனி படிப்படியாகக் கிளைத்து அழுத்தம் தணிந்த பிறகே ரத்தம் நுண்நாளங்களைச் சென்றடைகிறது. மூளையின் ஆழ்பகுதிகளுக்குச் செல்லும் துளைத்தமனிகளும், சிறுநீரகத்தின் உட்பகுதியை ஒட்டிய வடிமுடிச்சுகளுக்கு, அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்நாளச் சுருள்களுக்கு, செல்லும் நுண்தமனிகளும் அப்படியல்ல. ஆற்றங்கரையிலேயே மதகு வைத்துப் பிரித்த சிறு வாய்க்கால்களைப் போலப் பெரிய நாளங்களிலிருந்து நேரடியாகப் பிரிகின்றன. பெருந்தமனியின் அழுத்தமும், வயதாக ஆக விறைத்துப்போகும் பெருந்தமனியின் துடிப்பு அதிர்வும் அதிகம் தணியாமலே அவற்றின் சுவரில் மோதுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் சுவர் தடித்து, உள்வழி குறுகி, நாளத்தின் உட்படலம் பழுதடைகிறது.

சிறுநீரகத்தில் இந்தப் பழுது ஆல்புமின் கசிவாக வெளிப்படுகிறது. மூளையில் அது, நரம்பிழைகள் செல்லும் பகுதியான வெண்பொருளில் திட்டுத்திட்டான பாதிப்பாகவும், ஆழ்பகுதிகளில் மிகச் சிறிய அடைப்புகளாகவும், நுண்ணிய ரத்தக்கசிவுகளாகவும் தோன்றுகிறது. நடை தளர்வது, யோசனையின் வேகம் குறைவது, திட்டமிட்டுச் செய்யும் வேலைகளில் தடுமாறுவது ஆகியவை இதன் மெதுவான விளைவுகள். பக்கவாதம் திடீர் விளைவு. ஆனால் மூளையில் நடப்பதைக் காண எம்ஆர்ஐ வேண்டும், சிறுநீரகத்தில் நடப்பதைக் காணச் சிறிதளவு சிறுநீர் போதும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கீட்டின்படி, வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 60க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட 43 விழுக்காடு கூடுதல். ஆல்புமின் கசிவு இதைவிடவும் வலுவான அறிகுறி. வடிகட்டும் திறன் இயல்பாக இருக்கும்போதே அது ஆபத்தைக் காட்டிவிடுகிறது. கசிவு இருப்பதாலேயே மூளை பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. இரண்டும் ஒரே அழுத்தத்துக்கு ஆட்படுபவை, ஒன்றில் தடயம் தெரிந்தால் மற்றொன்றிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே பொருள்.

இலக்கு: 140, 130, 120

சிஸ்டாலிக் எனப்படும் மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்தால் போதுமா, 130க்குக் கீழே கொண்டுவர வேண்டுமா, 120க்குக் கீழேயா என்பதில் வழிகாட்டு நெறிகளே ஒத்துப்போவதில்லை. சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிஐஜிஓ, டயாலிசிஸ் செய்துகொள்ளாத சிறுநீரக நோயாளிகளுக்கு 120க்குக் கீழே என்று 2021இல் பரிந்துரைத்தது. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017இல் 130/80க்குக் கீழே என்றன. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2023இல், முதலில் 140/90க்குக் கீழே கொண்டுவந்து, தாங்க முடிந்தால் 130/80க்குக் கீழே செல்லலாம் என்றது. இவற்றில் ஒன்று சரி, மற்றவை தவறு என்று பார்ப்பதைவிட, ஒவ்வொன்றும் யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே பயன் தரும்.

120 என்ற எண்ணுக்கு அடிப்படை, 2015இல் முடிவுகள் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வு. 50 வயதும் அதற்கு மேலும் ஆன 9,361 பேரில் ஒரு பாதிக்கு 120க்குக் கீழேயும் மறுபாதிக்கு 140க்குக் கீழேயும் இலக்கு வைத்தார்கள். தீவிர இலக்குப் பிரிவில் இதய, ரத்தநாள நிகழ்வுகள் 25 விழுக்காடும் ஒட்டுமொத்த இறப்பு 27 விழுக்காடும் குறைந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அவர்களில் 2,646 பேருக்கு ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தது. அவர்களிடமும் இறப்பு 28 விழுக்காடு குறைந்தது. பக்கவாத எண்ணிக்கையில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை, இதைப் பலர் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

மூளையைப் பொறுத்தவரை அதே ஆய்வின் 2019ஆம் ஆண்டுப் பகுதி இன்னும் நுட்பமானது. லேசான அறிவாற்றல் குறைபாடு தீவிரப் பிரிவில் 19 விழுக்காடு குறைந்தது. மறதிநோய் 17 விழுக்காடு குறைந்தாலும் அது புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை. எம்ஆர்ஐ எடுக்கப்பட்டவர்களில், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் வெண்பொருள் பாதிப்பின் கனஅளவு தீவிரப் பிரிவில் 0.92 கன சென்டிமீட்டரும் மற்றப் பிரிவில் 1.45 கன சென்டிமீட்டரும் கூடியிருந்தது. மூளையின் மொத்தக் கனஅளவோ தீவிரப் பிரிவில்தான் சற்று அதிகமாகச் சுருங்கியது: தீவிரப் பிரிவில் 30.6 கன சென்டிமீட்டர், மற்றப் பிரிவில் 26.9. இந்தச் சுருக்கத்தால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை என்றாலும், குறைக்கக் குறைக்க எல்லாமே நன்மை என்று எளிமைப்படுத்திவிடக் கூடாது என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

சிறுநீரகத்தின் பக்கம் கணக்கு வேறு. ஆய்வின் தொடக்கத்தில் சிறுநீரக நோய் இல்லாதவர்களில், வடிகட்டும் திறன் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து 60க்குக் கீழே இறங்கியவர்கள் தீவிரப் பிரிவில் ஆண்டுக்கு 1.21 விழுக்காடு, மற்றப் பிரிவில் 0.35 விழுக்காடு. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் தீவிரப் பிரிவில் கூடுதல். இரண்டு உறுப்புகளும் எதிரெதிராக இழுப்பதுபோல் தோன்றும் இடம் இதுதான், பல நோயாளிகள் பயந்து மருந்தை நிறுத்துவதும் இங்கேதான். ஆனால் இந்த இறக்கத்தில் பெரும்பகுதி, வடிமுடிச்சுக்குள் இருந்த அதிக அழுத்தம் தணிந்ததால் வடிகட்டும் வேகம் குறைவது. திசு அழிந்துகொண்டிருப்பதன் அடையாளம் அன்று. கிரியேட்டினின் சிறிதளவு ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் இலக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஸ்பிரிண்டில் சேர்க்கப்படாதவர்கள் யார் என்பது சேர்க்கப்பட்டவர்களைப் போலவே முக்கியம். நீரிழிவு உள்ளவர்கள், முன்பே பக்கவாதம் வந்தவர்கள், இஜிஎஃப்ஆர் 20க்குக் கீழே உள்ளவர்கள், நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல் புரதம் கசிபவர்கள், எழுந்து நின்றால் மேல் அழுத்தம் 110க்குக் கீழே போகிறவர்கள் ஆகியோர் அதில் இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறு சான்றுகள் உண்டு. 2010இல் வெளியான அக்கார்ட் ஆய்வில் 120 இலக்கு மொத்த நிகழ்வுகளைக் குறைக்கவில்லை, பக்கவாதத்தை மட்டும் 41 விழுக்காடு குறைத்தது. சீனாவில் 12,821 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான பிப்ரோட் ஆய்வில் முதன்மை நிகழ்வுகள் 21 விழுக்காடு குறைந்தன. மூளையில் நுண்நாள அடைப்பால் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் நடத்தப்பட்ட எஸ்பிஎஸ்3 ஆய்வில், 130க்குக் கீழே குறைத்தவர்களுக்கு மீண்டும் பக்கவாதம் வருவது 19 விழுக்காடு குறைந்தது, ஆனால் அது உறுதியான வேறுபாடாக நிறுவப்படவில்லை; மூளைக்குள் ரத்தக்கசிவு 63 விழுக்காடு குறைந்தது. நுண்நாள நோய் உள்ளவருக்கு ரத்தக்கசிவே பெரிய அச்சம் என்பதால், இந்தப் பிரிவினருக்கு 130ஐ நான் கீழெல்லையாக அல்ல, மேலெல்லையாகவே கொள்வேன்.

அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும் என்ற வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நெடுநாள் உயர் அழுத்தத்தில் இருந்த மூளை, தன் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் அழுத்த எல்லையை மேல்நோக்கி நகர்த்திக்கொண்டுவிடும் என்பது உண்மை. ஒரே நாளில் அழுத்தத்தைத் தடாலடியாகக் குறைப்பது ஆபத்தாவதும் இதனால்தான். ஆனால் வாரங்களிலும் மாதங்களிலும் படிப்படியாகக் குறைக்கும்போது அந்த எல்லையும் ஓரளவு இறங்கிவருகிறது. கடுமையான நுண்நாள நோய் உள்ளவர்களிடமே நடத்தப்பட்ட பிரிசர்வ் ஆய்வில், தீவிரமாகக் குறைத்தும் மூளையின் ரத்த ஓட்டம் சாதாரண இலக்குப் பிரிவைவிடக் குறையவில்லை. எனவே ஆபத்து இலக்கின் எண்ணில் இருப்பதைவிட, அதை எட்டும் வேகத்தில்தான் அதிகம் இருக்கிறது.

எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அதை எப்படி அளக்கிறோம் என்பது தீராத சிக்கல். ஸ்பிரிண்டிலும் கேடிஐஜிஓ பரிந்துரையிலும் சொல்லப்படும் 120, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பலமுறை அளந்து எடுத்த சராசரி. படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்குமுன் எடுத்த அளவு அதைவிட 10 வரைகூட, சிலருக்கு அதற்கும் மேலாக, உயர்ந்திருக்கும். அப்படி எடுத்த எண்ணையே 120க்குக் கீழே இழுக்க மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போனால், வீட்டில் அந்த நபரின் உண்மையான அழுத்தம் 105க்குப் போயிருக்கக்கூடும். முறையாக அளக்க வழியில்லாத இடத்தில் 120 என்ற இலக்கை எடுத்துக்கொள்வதைவிட, வீட்டு அளவீடுகளின் சராசரியை 130க்குக் கீழே வைப்பதே நேர்மையான தேர்வு.

எழுந்து நின்றதும் தலைசுற்றுபவர்கள், அடிக்கடி விழுபவர்கள், உடல் மிகவும் தளர்ந்த முதியவர்கள், வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இறங்கியவர்கள் ஆகியோருக்கு 140க்குக் கீழே என்பதில் தொடங்கி, நின்றபடி எடுத்த அளவையும் பார்த்துக்கொண்டே இறங்குவது பொருத்தம். மற்றவர்களில் ஆல்புமின் கசிவு உள்ளவருக்கு 120களில் வைத்திருப்பதை வலியுறுத்துவேன். கசிவே இல்லாமல் கிரியேட்டினின் மட்டும் லேசாகக் கூடிய முதியவருக்கு 130க்குக் கீழே வந்தாலே நிறைவடைவேன்.

எந்த மருந்தை முன்னே வைப்பது?

இங்கே ஆல்புமின் அளவு ஏறக்குறைய தானே முடிவெடுத்துவிடுகிறது. ஏசிஇ தடுப்பான்களும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற ஏஆர்பி வகை மருந்துகளும் வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் நுண்தமனியை விரித்து உள்ளழுத்தத்தைக் குறைப்பதால் கசிவைக் குறைக்கின்றன. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் லோசார்டானும் இர்பெசார்டானும் சிறுநீரகச் செயலிழப்பைத் தாமதப்படுத்தியதை 2001இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. மூளைக்கும் இவை பகையன்று. இதயம் தடித்த உயர் அழுத்த நோயாளிகளிடம் நடந்த லைஃப் ஆய்வில், ஏறக்குறைய ஒரே அளவு அழுத்தக் குறைவுக்கு, பீட்டா தடுப்பானான அட்டெனோலால் எடுத்தவர்களைவிட லோசார்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. பீட்டா தடுப்பான்கள், இதயம் சார்ந்த தேவை இல்லாதபோது, முதல் வரிசையிலிருந்து பின்னுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்லோடிபின் வகை மருந்துகளின் வலிமை மூளையின் பக்கம் இருக்கிறது. அழுத்தத்தை நம்பகமாகக் குறைப்பதோடு, ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தையும் அவை மட்டுப்படுத்துகின்றன. சராசரி அழுத்தம் போலவே இந்த ஏற்ற இறக்கமும் பக்கவாதத்தோடு தொடர்புடையது. சிறுநீரகத்தில் அவை உள்ளே வரும் நுண்தமனியை விரிப்பதால், ஆல்புமின் அதிகம் கசிபவருக்கு ஏஆர்பியோ ஏசிஇ தடுப்பானோ இல்லாமல் தனியாகக் கொடுத்தால் கசிவு குறையாமலோ கூடியோ போகலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்குகிறது. 2008இல் வெளியான அக்காம்ப்ளிஷ் ஆய்வில், ஏசிஇ தடுப்பானான பெனாசெப்ரிலோடு அம்லோடிபின் சேர்ந்த கூட்டு, அதே பெனாசெப்ரிலோடு நீர்ப்போக்கு மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைட் சேர்ந்த கூட்டைவிட இதய, ரத்தநாள நிகழ்வுகளை 20 விழுக்காடு குறைத்தது. சிறுநீரக நோய் முற்றுவதும் குறைவாகவே இருந்தது. கசிவு உள்ளவருக்கு ஏஆர்பி முதலில், அம்லோடிபின் அடுத்து என்ற வரிசையே இரண்டு உறுப்புகளுக்கும் பொருந்திவருவதாக எனக்குத் தோன்றுகிறது. கசிவு இல்லாதவருக்கு இந்த வரிசைக்குத் தனிச் சிறப்பில்லை. அழுத்தம் எதனால் குறைந்தாலும் மூளைக்கு நன்மைதான்.

சிறுநீரகம் பழுதானால் தயசைடு வகை நீர்ப்போக்கு மருந்துகள் வேலை செய்யா என்ற பழைய நம்பிக்கை 2021இல் உடைந்தது. நான்காம் கட்டச் சிறுநீரக நோய் (வடிகட்டும் திறன் 15 முதல் 29 வரை) உள்ள 160 பேரிடம் நடந்த கிளிக் ஆய்வில், இந்த வகையைச் சேர்ந்த குளோர்தலிடோன் 24 மணி நேர மேல் அழுத்தத்தைப் போலி மருந்தைவிடச் சுமார் 10 புள்ளிகள் அதிகமாகக் குறைத்தது. மூன்றாவது மருந்தாக அதைச் சேர்க்கும்போது சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் கவனிக்க வேண்டும். முதலில் நீரிழிவுக்கென வந்த எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் சிறுநீரகத்தைத் தெளிவாகக் காக்கின்றன. 6,609 பேரிடம் நடந்த எம்பா கிட்னி ஆய்வில் சிறுநீரக நோய் முற்றுவது அல்லது இதயநோயால் இறப்பது 28 விழுக்காடு குறைந்தது. பக்கவாதத்தைத் தடுப்பதில் அவற்றுக்கு அத்தகைய தெளிவான பங்கு தெரியவரவில்லை. எனவே அவை சிறுநீரகத்துக்காகச் சேர்க்கப்படுபவை, அழுத்த மருந்துக்கு மாற்று அல்ல.

ஏசிஇ தடுப்பானையும் ஏஆர்பியையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை நன்மை கிடைக்கும் என்ற எண்ணம் பொய்த்தது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்வதும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடியதால் நெஃப்ரான்-டி ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் முடிவுகள் வெளியாயின. இந்தக் கூட்டைத் தேர்வுப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம்.

எதைத் தொடங்கினாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏஆர்பி அல்லது ஏசிஇ தடுப்பான் தொடங்கிய பின் கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை உயர்ந்தால் மருந்தை நிறுத்தத் தேவையில்லை என்பதே பொதுவான நெறி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டு உடல் வற்றியிருக்கும் நாட்களில் இம்மருந்துகளையும் நீர்ப்போக்கு மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வகைகள் அழுத்தத்தையும் ஏற்றி, சிறுநீரகத்தையும் கெடுப்பவை. இரண்டு உறுப்புகளும் ஒருமனதாக எதிர்க்கும் மருந்துகள் அவை.

மூளைக்கு நல்லதென்று தோன்றும் வேறு சில

உப்பில் ஒரு பகுதியை நீக்கிப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த மாற்று உப்பு, சீனக் கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. வடிகட்டும் திறன் குறைந்து, ஏஆர்பியும் எடுத்துக்கொள்பவருக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். இரண்டு உறுப்புகளின் நலனும் உண்மையிலேயே முரண்படும் இடம் இது. சிறுநீரக நோயாளி மாற்று உப்பைத் தேடுவதைவிட உப்பையே குறைப்பதுதான் சரியான தேர்வு.

ஆஸ்பிரினும் இப்படித்தான். எம்ஆர்ஐயில் வெண்பொருள் பாதிப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும், பக்கவாதமோ இதயநோயோ வராதவருக்கு அதைத் தொடங்குவதை ஐரோப்பியப் பக்கவாத அமைப்பின் 2021 வழிகாட்டி ஏற்கவில்லை. சிறுநீரக நோயில் ரத்தக்கசிவுப் போக்கு கூடுதல் என்பதால் இவர்களுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மூளையில் திட்டுகள் தெரிந்தாலும் செய்யவேண்டிய சிகிச்சை அழுத்தக் கட்டுப்பாடுதான், தெரியாவிட்டாலும் அதேதான்; முடிவை மாற்றாத பரிசோதனையால் கவலை மட்டுமே மிஞ்சும். நடையில் மாற்றம், நினைவிலும் யோசனையிலும் தெளிவான சரிவு, கணநேரம் வந்து மறைந்த பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ இருந்தால் மட்டும் நிலைமை வேறு. முகம் கோணினாலோ கைகால் செயலிழந்தாலோ அது எம்ஆர்ஐக்கு நாள் குறிக்கும் நேரமன்று, உடனடியாக மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம். நுண்நாள நோயைக் காணச் சாதாரண எம்ஆர்ஐ போதும், படத்தைத் தெளிவாக்கப் போடும் காடோலினியம் ஊசி தேவையில்லை. வடிகட்டும் திறன் மிகவும் குறைந்தவர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதமோ சிகிச்சையையே மாற்றக்கூடிய எண். அது ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்து, மூன்று மாதங்களுக்குப் பிறகும் அப்படியே நீடித்தால், மேலே சொன்ன இலக்கும் மருந்து வரிசையும் அவருக்குப் பொருந்தத் தொடங்குகின்றன. காய்ச்சலிலோ சிறுநீர்த் தொற்றிலோ கடும் உடற்பயிற்சிக்குப் பின்போ எடுத்த ஒற்றை அளவை நம்பி அந்த முடிவுக்குப் போகக் கூடாது.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டவர்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவர்களின் அழுத்தம் ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் பின்னும் உடலில் தேங்கும் நீரின் அளவைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. அமர்வின்போது ஏற்படும் திடீர்ச் சரிவே மூளைக்கு ஒரு சுமை. 120 என்ற இலக்குக்கு அடிப்படையான ஆய்வில் அவர்கள் இடம்பெறவுமில்லை. அவர்களுக்கு முதல் முடிவு எந்த மாத்திரை என்பதாக இருப்பதில்லை. அமர்வின் முடிவில் இருக்கவேண்டிய உடல் எடை எவ்வளவு என்பதாகவே இருக்கிறது.